ஸ்டீரியோ சேனல்: இரண்டு ஒலிகளை ஆளும் ஒரே ஃபேடர்

ஆடியோ மிக்ஸரில் இரு வகைச் சேனல்கள் உண்டு. மைக், கிடார் போன்றவை இணையும் மோனோ சேனலில் ஓடுவது ஒரே ஒரு சிக்னல். கீபோர்டு, மடிக்கணினி, கைபேசி, எதிரொலி சேர்க்கும் ரெவர்ப் கருவி போன்றவை இணையும் ஸ்டீரியோ சேனலில் இடது, வலது என இரண்டு சிக்னல்கள் தனித்தனிப் பாதையில் ஓடுகின்றன. அந்த இரண்டையும் ஒரே கெயின் குமிழ், அதிர்வெண்களைத் திருத்தும் ஒரே ஈக்வலைசர், ஒலியளவை மாற்றும் ஒரே ஃபேடர் கட்டுப்படுத்துகின்றன. மேலிருந்து பார்த்தால் இரு வகைச் சேனல்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். உள்ளே நடப்பது வேறு. இடதுக்கும் வலதுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் ஸ்டீரியோ ஒலியின் உயிர் இருக்கிறது. அந்த வேறுபாட்டைச் சிதைக்காமல் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் திருத்தவும் உதவுவதே ஸ்டீரியோ சேனலின் வேலை.

காது திசையை அறியும் விதம்

இடப்பக்கம் எழும் ஒலி முதலில் இடக்காதை அடைகிறது. தலையைச் சுற்றிக்கொண்டு வலக்காதுக்குப் போய்ச் சேரச் சற்றுத் தாமதமாகிறது. நேர் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலிக்கே இந்தத் தாமதம் மிக அதிகம். அதுவும் ஏறத்தாழ 0.65 மில்லி விநாடிதான். உயர்ந்த அதிர்வெண் ஒலிகளைத் தலை மறைத்துவிடுவதால் வலக்காதில் அவற்றின் அளவும் குறைகிறது. தாழ்ந்த அதிர்வெண்களில் நேர வேறுபாடும், உயர்ந்த அதிர்வெண்களில் அளவு வேறுபாடும் திசையைக் காட்டுகின்றன என்று இங்கிலாந்து இயற்பியலாளர் ரேலி பிரபு 1907இல் விளக்கினார்.

இந்த உணர்வை இரண்டு ஸ்பீக்கர்களைக் கொண்டே உண்டாக்கும் வழியை இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் வகுத்து, 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரு ஸ்பீக்கர்களும் ஒரே சிக்னலை ஒரே அளவில் ஒலித்தால், நடுவில் அமர்ந்திருப்பவருக்கு அந்த ஒலி ஸ்பீக்கரே இல்லாத நடுவிடத்திலிருந்து வருவதாகத் தோன்றும். ஒரு பக்கத்தின் அளவைக் கூட்டினால் ஒலி அந்தப் பக்கம் நகரும். வேறுபாடு ஏறத்தாழ 15 முதல் 18 டெசிபலை எட்டும்போது ஒலி முழுவதும் அந்த ஸ்பீக்கரிலேயே ஒட்டிக்கொள்ளும். மிக்ஸரில் ஒலிக்கு இடம் குறிக்கும் குமிழ்கள் பெரும்பாலும் இந்த அளவு வேறுபாட்டை நம்பியே இயங்குகின்றன.

இணைப்பிலேயே நேரும் பிழை

ஸ்டீரியோ சேனலில் இரண்டு உள்ளீட்டு ஓட்டைகள் இருக்கும். பல மிக்ஸர்களில் இடது ஓட்டையின் அருகே ‘மோனோ’ என்றும் எழுதியிருக்கும். அதில் மட்டும் பின்னைச் செருகினால் அந்த ஒரே சிக்னல் இரு பாதைகளுக்கும் போகும். வலது ஓட்டையில் மட்டும் செருகினால் ஒலி வலப்பக்கம் மட்டுமே வரும். கீபோர்டின் இரு வெளியீடுகளையும் இரண்டு தனிக் கம்பிகளால் இணைத்தால்தான் அதன் ஸ்டீரியோ விரிவு முழுமையாகக் கிடைக்கும்.

கைபேசியை இணைக்கும்போது ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. கைபேசியின் ஸ்டீரியோ பின்னுக்கு ஒரு பெரிய ஸ்டீரியோ பின்னைப் பொருத்தி, மோனோ சேனலின் லைன் உள்ளீட்டில் செருகிவிடுகிறார்கள். பாடல் கேட்கும்; பாடகரின் குரல் மட்டும் மங்கிவிடும் அல்லது காணாமலே போய்விடும். நீளமான கம்பியில் புகும் இரைச்சலை நீக்குவதற்காக, அந்த உள்ளீடு இரு கம்பிகளில் வரும் சிக்னல்களில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்குமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. இரு கம்பிகளிலும் ஒன்றுபோலப் புகுந்த இரைச்சல் இந்தக் கழித்தலில் மறைகிறது. பாடகரின் குரலும் இடது, வலது இரண்டிலும் ஒரே அளவில் பதிவாகியிருப்பதால் அதே கழித்தலில் மறைகிறது. ஒரு முனையில் ஸ்டீரியோ பின்னும் மறுமுனையில் இரண்டு மோனோ பின்களும் கொண்ட கம்பியை ஸ்டீரியோ சேனலில் செருகுவதே சரியான முறை.

கெயின்

உள்ளே வரும் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்ற அளவுக்குக் கொண்டுவருவது கெயின் குமிழ். மைக் தரும் மெல்லிய சிக்னலை மிகப் பெரிதாக்கும் தேவை ஸ்டீரியோ லைன் உள்ளீட்டுக்கு இல்லை. அதனால் இங்கே கெயினின் வீச்சு குறைவாக இருக்கும். சில மிக்ஸர்களில் குமிழுக்குப் பதிலாக +4, −10 என்று குறித்த ஒரு சுவிட்ச் மட்டும் இருக்கும். தொழில்முறைக் கருவிகளின் வழக்கமான அளவு (+4) ஏறத்தாழ 1.23 வோல்ட், வீட்டு உபயோகக் கருவிகளின் அளவு (−10) ஏறத்தாழ 0.32 வோல்ட். இரண்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 12 டெசிபல்.

பி.எஃப்.எல். பொத்தானை அழுத்தினால், ஃபேடருக்கு முந்தைய அளவு மீட்டரில் தெரியும். கருவியின் மிக உரத்த பகுதியை வாசிக்கச் சொல்லி அப்போது கெயினை அமைக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரியும் அளவுக்குப் போனால் சிக்னலின் உச்சி வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். அதற்குப் பின் ஃபேடரை இறக்குவதால் பயனில்லை. சிக்னல் ஃபேடரை அடையும் முன்பே சிதைந்துவிட்டது.

ஈக்வலைசரும் ஆக்ஸும்

ஸ்டீரியோ சேனலின் ஈக்வலைசர் இரு பக்கங்களையும் ஒரே அளவில் மாற்றும். இது வெறும் வசதிக்காக அன்று. இடப்பக்கத்தில் மட்டும் உயர் அதிர்வெண்ணைக் கூட்டினால், ஒரே கருவியின் கணீரென்ற பகுதி இடப்பக்கமும் அடிச்சுரப் பகுதி நடுவிலுமாகப் பிரிந்து கேட்கும். இரு பக்கமும் சேர்ந்து மாறும்போது நிறம் மாறும், இடம் மாறாது.

ஆக்ஸ் குமிழ் சிக்னலின் ஒரு பங்கை மேடை மானிட்டருக்கோ ரெவர்ப் கருவிக்கோ அனுப்புகிறது. பெரும்பாலான சிறிய மிக்ஸர்களில் ஸ்டீரியோ சேனலின் இடதும் வலதும் கூட்டப்பட்டு, ஆக்ஸுக்கு மோனோவாகப் போகின்றன. மானிட்டருக்குப் போகும் ஆக்ஸ் ஃபேடருக்கு முன்பிருந்து எடுக்கப்பட வேண்டும். அப்போதுதான் அரங்க ஒலியைக் கூட்டிக் குறைத்தாலும் கலைஞர் கேட்கும் அளவு மாறாது. ரெவர்புக்குப் போவது ஃபேடருக்குப் பின்பிருந்து எடுக்கப்பட வேண்டும். அப்போதுதான் கருவியின் ஒலி குறையும்போது அதன் எதிரொலியும் சேர்ந்து குறையும்.

பேன் வேறு, பேலன்ஸ் வேறு

மோனோ சேனலில் பேன் குமிழ் இருக்கும் இடத்தில் ஸ்டீரியோ சேனலில் பேலன்ஸ் குமிழ் இருக்கும். உருவம் ஒன்று, செயல் வேறு.

பேன், ஒரு சிக்னலை இரு பக்கங்களுக்கும் பங்கிடுகிறது. டிஸ்னி நிறுவனம் 1940இல் வெளியிட்ட ‘ஃபாண்டேசியா’ படத்துக்காக உருவான ஃபாண்டசவுண்ட் முறையில், ஒலியைத் திரையின் குறுக்கே நகர்த்த இத்தகைய கட்டுப்பாடு பயன்பட்டது. குமிழ் நடுவில் இருக்கும்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் முழு அளவைவிட 3 டெசிபல் குறைவாகச் செல்வது பரவலான அமைப்பு. 3 டெசிபல் குறைந்தால் திறன் பாதியாகும். இரண்டு பாதிகள் சேர்ந்து ஒரு முழுமையாவதால், ஒலியை ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தினாலும் அதன் உரப்பு மாறுவதில்லை. 4.5 அல்லது 6 டெசிபல் குறைக்கும் மிக்ஸர்களும் உண்டு.

பேலன்ஸ் எதையும் பங்கிடுவதில்லை. இடப்பக்கம் திருப்பினால் வலது சிக்னல் குறைகிறது. இடது சிக்னல் இருந்தபடியே இருக்கிறது. வலதில் இருந்த ஒலி இடதுக்கு நகர்வதில்லை. முழுவதும் இடப்பக்கம் திருப்பினால் வலது சிக்னல் அடியோடு அற்றுப்போகும். பல கீபோர்டுகளில் பியானோ ஒலியின் தாழ்ந்த சுரங்கள் இடப்பக்கமும் உயர்ந்த சுரங்கள் வலப்பக்கமும் விரிந்திருக்கும். அத்தகைய பியானோவை மேடையின் இடப்பக்கம் வைப்பதாக எண்ணிப் பேலன்ஸை இடப்பக்கம் திருப்பினால், உயர்ந்த சுரங்கள்தான் மங்கும்.

விரிவு கெடாமல் கருவியை ஒரு பக்கம் வைக்க வேண்டுமானால், அதன் இரு வெளியீடுகளையும் இரண்டு மோனோ சேனல்களில் இணைத்து, ஒன்றின் பேனை முழு இடதுக்கும் மற்றதன் பேனை நடுவுக்கும் திருப்பலாம். இடதுக்கும் நடுவுக்கும் இடையே கருவி முழுமையாக விரியும். அப்போது இரு சேனல்களின் கெயினும் ஈக்வலைசரும் ஒன்றுபோல இருக்க வேண்டும். டிஜிட்டல் மிக்ஸர்களில் அடுத்தடுத்த இரு சேனல்களை ஒன்றாகப் பிணைக்கும் வசதி உண்டு. சிலவற்றில் விரிவைச் சுருக்கவும் கூட்டவும் தனிக் கட்டுப்பாடே இருக்கிறது.

ஃபேடர்

அனலாக் மிக்ஸரின் ஸ்டீரியோ ஃபேடருக்குள் இரண்டு மின்தடைப் பட்டைகள் உள்ளன. ஒரே கைப்பிடி இரண்டின் மீதும் நகர்கிறது. பட்டைகள் துல்லியமாக ஒத்துப்போகாவிட்டால், ஃபேடரை வெகுவாக இறக்கும்போது ஒலி ஒரு பக்கம் சாயக்கூடும். கைப்பிடி 0 குறியின் அருகே நிற்குமாறு கெயினை அமைப்பது இதற்காகவும் நல்லது. அங்கே ஒரு சென்டிமீட்டர் நகர்வு சில டெசிபல்களையே மாற்றும். அடிப்பகுதியில் அதே நகர்வு ஒலியை வெகுவாக மாற்றிவிடும்.

மண்டபத்தில் ஸ்டீரியோ

ஸ்டீரியோ ஒலி முழுமையாகக் கேட்பது இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் இருப்பவருக்கு மட்டுமே. மற்றதைவிட ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டர் அருகில் இருப்பவரை அதன் ஒலி ஏறத்தாழ 3 மில்லி விநாடி முன்னதாக வந்தடையும். முதலில் வந்த ஒலியையே காது திசையாகக் கொள்ளும் என்பதை ஜெர்மானியரான ஹெல்முட் ஹாஸ் 1949இல் தம் ஆய்வில் காட்டினார். ஆகவே கல்யாண மண்டபத்திலோ திறந்தவெளியிலோ பாடகர் குரல், மிருதங்கம், பேஸ் போன்ற முக்கிய ஒலிகளை நடுவில் வைத்து, கீபோர்டு, ரெவர்ப் ஆகியவற்றை மிதமாக விரிப்பதே பொருத்தம். ஒரு பக்கம் முழுவதும் ஒதுக்கிய கருவி மறுபக்க இருக்கைகளுக்குச் சரியாகக் கேட்காது.

பல அரங்குகளில் எல்லா ஸ்பீக்கர்களுக்கும் மோனோவே போகிறது. இடதும் வலதும் கூடும்போது ஒத்த பகுதிகள் வலுப்பெறும். ஒன்றுக்கொன்று தலைகீழான பகுதிகள் அழியும். சில கீபோர்டுகளின் கோரஸ் போன்ற விரிந்த ஒலிகள் மோனோவில் மெலிவது இதனால்தான். ஒரு கம்பியின் முனைகள் தலைகீழாகப் பற்றவைக்கப்பட்டிருந்தால் அடிச்சுரங்கள் வற்றிவிடும். நிகழ்ச்சிக்கு முன் மிக்ஸரின் மோனோ பொத்தானை அழுத்தி ஒருமுறை கேட்டால் இரண்டு குறைகளும் உடனே வெளிப்படும். கம்பியில் பிழை என்றால் அதை மாற்ற வேண்டும். கீபோர்டின் ஒலியே மெலிகிறது என்றால், அதன் மோனோ வெளியீட்டை மட்டும் இணைத்து ஒலி தேறுகிறதா என்று பார்க்கலாம். தேறாவிட்டால் கோரஸைக் குறைக்க வேண்டும். மோனோவிலும் குறையாமல் ஒலிக்கும் கலவை, அரங்கின் எல்லா இருக்கைகளுக்கும் பொருந்தும்.