மறுபடி அளக்கச் சொல்லலாமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், எங்கள் பங்கைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு என் இல்லத்திற்கு வந்தார். வாசலில் இருந்த இரண்டு படிகளையும் அந்த இளைஞன் காலால் தடவித் தடவியே ஏறினான். திண்ணையில் கிடந்த நாற்காலியில் மோதிக்கொண்டான். ஆனால் உள்ளே வந்து அமர்ந்ததும், எதிர்ச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்து அன்றைய தேதியைச் சரியாகச் சொன்னான்.

“பார்த்தீர்களா ஐயா? இதனால்தான் ஊரார் இவன் நடிக்கிறான் என்கிறார்கள்” என்றார் தாய். அவருடைய குரலில் கோபத்தைவிடக் களைப்பே மிகுந்திருந்தது.

மனுக்கள் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. ஓய்வு பெற்றபின் அது ஒரு தொண்டாகவே ஆகிவிட்டது. ஆகவே இத்தகைய கேள்விகளோடு என்னிடம் வருவோர் பலர். ஆனால் அன்று அவர்கள் கொண்டுவந்த கேள்விக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை.

அந்த இளைஞனுக்கு விழித்திரையைப் படிப்படியாக அரிக்கும் ரெடினிட்டிஸ் பிக்மென்டோசா என்னும் நோய். முதலில் மாலைக்கண்ணாகத் தொடங்கி, பின்னர் பார்வையின் ஓரங்களைத் தின்றுகொண்டே வந்து, நடுவில் மட்டும் ஒரு சிறு வட்டத்தை நெடுநாள் விட்டுவைக்கும் நோய் இது. மூங்கில் குழாய் ஒன்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு உலகைப் பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். குழாய்க்கு நேரே இருக்கும் நாட்காட்டி தெரியும். காலடியில் இருக்கும் படி தெரியாது. நடிப்பு என்று ஊரார் கருதியது இதைத்தான்.

2016இல் அவன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது 40 விழுக்காடு என்று சான்றிதழ் பெற்றிருந்தார்கள். இப்போது பட்டப்படிப்பை முடித்து வேலை தேடுகிறான். பார்வை மேலும் குறைந்துவிட்டது. விழுக்காட்டை மறுமதிப்பீடு செய்யும்படி கேட்கலாமா, வேண்டாமா? “கைவைத்தால் உள்ளதும் போய்விடும்” என்று அச்சுறுத்தினார் பக்கத்து வீட்டுக்காரர். “பணம் கொடுங்கள், நூறு விழுக்காடு வாங்கித் தருகிறேன்” என்றார் ஓர் இடைத்தரகர். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே அந்தத் தாய்க்கு ஒரு மாதமாக உறக்கமில்லை.

பக்கத்து வீட்டுக்காரரின் அச்சம் வெறும் அச்சமன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய சான்றிதழ்கள் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்டவை. அச்சட்டம், கண்ணாடி அணிந்த பிறகும் நல்ல கண்ணின் பார்வை 6/60க்கு மேற்படாதவரைப் பார்வையற்றவர் என்றது. 6/60 என்றால் என்ன? நல்ல பார்வையுடையவர் 60 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டர் அருகில் வந்தால்தான் படிக்கிறார் என்பது பொருள். பார்வைப் பரப்பு 20 பாகை அல்லது அதனினும் குறுகியவரையும் அச்சட்டம் அவ்வாறே கொண்டது. 2017 ஏப்ரல் 19இல் நடைமுறைக்கு வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, அந்த எல்லையை 3/60க்குக் கீழ் என்றும், 10 பாகைக்குக் குறைவு என்றும் இறக்கிவிட்டது. நேற்றுவரை சட்டத்தின் பார்வையில் குருடராயிருந்த சிலர், கண்ணில் எந்த மாற்றமும் இல்லாமலே, குறைபார்வையுடையோர் ஆகிவிட்டனர்!

அளவுகோல் மாறினால் எண்ணும் மாறுமல்லவா? எங்கள் கிளைக்கிராமத்தில் வயது முதிர்ந்த உபதேசியார் ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஒரு கண் முற்றிலும் போய்விட்டது, மற்றது 6/60. பழைய கணக்கில் அவருக்கு 75 விழுக்காடு கொடுத்திருந்தார்கள். 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட அட்டவணையின்படி அதே கண்களுக்கு 60 விழுக்காடுதான் வரும். அவருடைய நல்ல கண் 6/60ஐவிடச் சற்றே மங்கியிருந்தால் 80 கிடைத்திருக்கும். எழுத்துப் பலகையில் ஒரே ஒரு வரி. விளைவோ இவ்வளவு தூரம்! அவர் என்னிடம் கேட்டபோது, “ஐயா, அப்படியே இருக்கட்டும்” என்றேன். அவருடைய சான்றிதழில் நிரந்தரம் என்று குறிக்கப்பட்டிருந்தது. பழைய சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட சான்றிதழ், அதில் கண்ட காலம்வரை செல்லும் என்று புதிய விதிகளே கூறுகின்றன. இதில் ஒளிவு மறைவு ஏதுமில்லை.

மற்றொரு வகையினரும் எச்சரிக்கையாயிருத்தல் நலம். ஒரு கண் பழுதாகி, மற்றக் கண்ணில் 6/18 உடையவர்க்குப் பழைய கணக்கில் 40 கிடைத்தது. புதிய அட்டவணையில் அது 30. நாற்பதுக்குக் கீழே இறங்கினால் வேலை ஒதுக்கீடும் இல்லை. ஆனால் நல்ல கண்ணில் 6/24, 6/36 என்றிருந்து மற்றது அறவே போனவர்க்கு அதே பழைய 40, இப்போது 60 ஆகும். ஆகவே “கேட்டால் குறையும்” என்பதும் “கேட்டால் கூடும்” என்பதும் இரண்டுமே ஊர்ப் பேச்சு. அவரவர் கண்ணின் எண் தெரியாமல் எதையும் சொல்லலாகாது.

எந்தப் படியைத் தாண்டுவதற்காகக் கேட்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 40 விழுக்காடு என்பது முதற்படி. அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கான நான்கு விழுக்காட்டில், பார்வையற்றோர்க்கும் குறைபார்வையுடையோர்க்கும் உரிய ஒரு விழுக்காடு அதிலிருந்தே தொடங்குகிறது. 80 என்பது அடுத்த பெரிய படி. வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள குடும்பத்தினர்க்கான இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியம் 80 விழுக்காட்டை எட்டியவர்க்கே உரியது. மத்திய அரசின் பங்கு என்னவோ மாதம் 300 ரூபாய்தான். அந்தத் தொகை ஒரு குடும்பத்திற்கு எதற்குப் போதும் என்று யாரும் கேட்கலாம். மாநில அரசின் உதவித்தொகைகளுக்கு வேறு நிபந்தனைகள் உண்டு. அவற்றை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நேரில் கேட்டறிவதே முறை. 45ஐ 55 ஆக்குவதற்காக நான்கு நாள் கூலியை இழந்து அலைவதில் பலருக்குப் பயன் ஒன்றும் இராது.

இனி அந்த இளைஞனிடம் வருவோம். அவனுடைய பழைய சான்றிதழை வெளிச்சத்தில் வைத்துப் படித்தேன். ஒரு கண் 6/24, மற்றது 6/60 என்று இருந்தது. பார்வைப் பரப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எழுத்துப் பலகையை மட்டும் காட்டி அனுப்பியிருக்கிறார்கள். இந்த நோய்க்கு அந்தப் பலகை எப்படிச் சாட்சியாகும்? மழையின் அளவை வெயிலில் நின்று சொல்வது போன்றதன்றோ அது!

“தம்பி, குழாய்க்குள் எவ்வளவு தெரிகிறது என்பதை யாராவது அளந்தார்களா?” என்று கேட்டேன்.

“இல்லை ஐயா. எழுத்தைத்தான் படிக்கச் சொன்னார்கள்” என்றான்.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்னரே, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் சாதாரண நோயாளியாகச் சென்று பெரிமெட்ரி என்னும் சோதனையைச் செய்துகொள்ளும்படி கூறினேன். ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, நேரே ஒரு புள்ளியை நோக்கியிருக்க வேண்டும். அங்கங்கே சிறு ஒளிகள் தோன்றும்; தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். முதலில் அளவு தெரியட்டும். கேட்பதா வேண்டாமா என்பதைப் பிறகு பார்ப்போம் என்றேன். அளந்து பார்ப்பதால் யாருடைய சான்றிதழும் குறைந்துவிடாது.

இடைத்தரகரைப் பற்றி நான் வாய் திறக்குமுன் அவனே சொன்னான்: “அது வேண்டாம் ஐயா. ஏற்கெனவே நடிக்கிறேன் என்கிறார்கள். அதை நான் உண்மையாக்க வேண்டுமா?” பொய்யான வழியில் இச்சலுகைகளைப் பெறுவோர்க்கு இரண்டாண்டுச் சிறையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும்வரை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அவன் அஞ்சியது அதற்கன்று.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கண்புரை உள்ள சிலர், அறுவை செய்துகொண்டால் உதவித்தொகை போய்விடுமென்று கண்ணை மூடிக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். சிகிச்சையாலும் கண்ணாடியாலும் எவ்வளவு திருத்த முடியுமோ அவ்வளவும் திருத்திய பின் எஞ்சும் குறையே கணக்கில் வரும். கிடைக்கக்கூடிய பார்வையை ஓர் உதவித்தொகைக்காக விற்பது நல்ல வாணிகமாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தாயும் மகனும் சோதனைத் தாளோடு வந்தார்கள். தாள் முழுவதும் கறுப்பு. நடுவில் மட்டும் ஒரு வெண்திட்டு. நல்ல கண்ணிலும் எஞ்சியிருந்த பரப்பு 10 பாகைக்குக் குறைவு என்று மருத்துவர் எழுதியிருந்தார். பரப்பு 20 பாகைக்குக் குறைந்து 10 வரை இருந்திருந்தால் அவன் குறைபார்வையுடையோர் வரிசையிலேயே நின்றிருப்பான். பத்துக்கும் கீழே என்பதால் அவன் நிற்பது பார்வையின்மை என்னும் வரிசையில். அது 90 விழுக்காட்டில் தொடங்குகிறது.

இனிக் கேட்பதில் அச்சமில்லை என்று நான் விளக்கினேன். பழைய சான்றிதழின் படியையும் இரண்டு கண்களின் அறிக்கையையும் இணைத்து, தனித்துவ அடையாள அட்டைக்கான இணையத்தளத்திலோ இ-சேவை மையம் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். மருத்துவர் முடிவு தவறென்று பட்டால் அதே சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடும் உண்டு என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். தாய் கேட்கவில்லை. அவர் கண்கள் தாளிலேயே இருந்தன.

“அப்படியென்றால் இவனைக் குருடன் என்று எழுதிவிடுவார்களா ஐயா?” என்றார் மெல்ல. “நாற்பது என்றிருந்தவரையில் நாளைக்குச் சரியாகிவிடும் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். நாளைக்கு இவனுக்குப் பெண் கேட்டுப் போக வேண்டாமா?”

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. ஒரு மாதமாக அவரை உறங்கவிடாமல் செய்தது சான்றிதழ் குறைந்துவிடுமோ என்ற அச்சம் என்றே நான் எண்ணியிருந்தேன். அது கூடிவிடுமோ என்ற அச்சமும் உடனிருந்ததை அன்றுதான் அறிந்தேன்.

மகன்தான் பேசினான். “அம்மா, படியில் விழும்போது நாற்பது என்று சொல்லி விழுவதில்லையே. என் கண் எப்படியிருக்கிறதோ அப்படியே எழுதட்டும். யாராவது நடிக்கிறாயா என்று கேட்டால் இந்தத் தாளைக் காட்டுகிறேன்.”

தாய் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எழுதுங்கள் ஐயா” என்றார்.

எழுதினேன். படித்துக் காட்டினேன். கையொப்பமிட வேண்டிய கோடு தாளின் அடியில் எங்கிருக்கிறது என்று அவனுக்கு அகப்படவில்லை. தாய் அவன் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார்.