இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறினால்

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள் மெக்கானிக்கிடம் அடிக்கடி கொண்டுவரும் புகார்கள் இரண்டு: "வண்டி ஹீட் ஆகுது", "பெட்ரோல் முள் சரியா காட்டல". இரண்டையும் தனித்தனிக் கோளாறாக நினைத்து, ரேடியேட்டரில் ஒரு செலவும் டேங்கில் ஒரு செலவும் செய்துவிடுகிறார்கள். முதலில் கவனிக்க வேண்டியது, இரண்டு முள்ளும் ஒரே நேரத்தில் தப்பாகக் காட்டுகின்றனவா என்பதைத்தான்.

பழைய கார்கள் பலவற்றில் டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு ஸ்டெபிலைசர் இருக்கும். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் வரை போகும் மின்சாரத்தைச் சுமார் 10 வோல்ட்டுக்கு அடக்கி, வெப்ப மீட்டருக்கும் எரிபொருள் மீட்டருக்கும் சேர்த்துக் கொடுப்பது அதன் வேலை. அதன் எர்த் விட்டுப்போனால் முழு வோல்டேஜும் பாய்ந்து இரண்டு முள்ளும் மேலே ஏறும். டேங்க் நிறைந்திருப்பதாகத் தெரியும். இன்ஜின் கொதிப்பதாகவும் தெரியும். இரண்டும் பொய். பிந்தைய கார்களில் இந்த ஸ்டெபிலைசர் கிடையாது. ஆனால் மீட்டர் போர்டின் எர்த் ஒயர் தளர்ந்தால் அங்கும் குழப்பம் வரும். இண்டிகேட்டர் போடும்போதெல்லாம் முள்ளும் சேர்ந்து துடித்தால் எர்த்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வெப்ப முள் மட்டும் ஏறினால் அதை அலட்சியம் செய்யவே கூடாது. எங்கே ஏறுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அம்பாசடரில் ஃபேனைச் சுழற்றியது பெல்ட். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ல் அந்த வேலையை மின்மோட்டார் எடுத்துக்கொண்டது. மோட்டார், ஃப்யூஸ், ரிலே, வெப்ப ஸ்விட்ச் என்று நான்கு இடங்களைப் பார்த்தால் போதும். மாறாக, நெடுஞ்சாலை வேகத்திலோ கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதோ சூடேறினால், ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், திறக்காத தெர்மோஸ்டாட் வால்வு ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும்.

அந்த வால்வையே கழற்றி எறியும் பழக்கம் நம் ஊரில் இன்றும் இருக்கிறது. "இந்த வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்பார்கள். பல கார்களில் அது சுமார் 82 முதல் 88 டிகிரியில் திறக்கும். அது இல்லாவிட்டால் இன்ஜின் தன் வேலை வெப்பத்துக்கு வர நேரமாகும். மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். சந்தேகம் இருந்தால் வால்வைக் கழற்றித் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் போதும். கொதி வருவதற்குள் அது திறப்பது கண்ணுக்கே தெரியும்.

ரேடியேட்டர் மூடியையும் யாரும் மதிப்பதில்லை. 0.9 என்று பொறித்த மூடி அழுத்தத்தைத் தாங்கினால், உள்ளே வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் செத்த மூடியில் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியே வந்துவிடும். மிகவும் ஆபத்தானது இதற்கு அடுத்த கட்டம். கூலன்ட் வற்றி சென்சார் நீராவியில் நின்றால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கலாம். "ஆறிடுச்சு" என்று நம்பி ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்து கேஸ்கெட் போய்விடும். பிறகு ஹெட்டை இறக்கி ஃபேஸிங் போடாமல் தீராது.

பெட்ரோல் முள்ளின் கதை இவ்வளவு கொடூரமில்லை. டேங்குக்குள் மிதக்கும் ஃப்ளோட்டின் கை, ஒரு ரெசிஸ்டன்ஸ் பட்டையின் மேல் உரசி நகர்கிறது. பட்டை தேய்ந்த இடத்தில் முள் தடுமாறும். அரை டேங்க் வரை ஒழுங்காகக் காட்டிவிட்டுத் திடீரென்று விழுந்தால் தேய்மானம். எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் ஒயர் அல்லது மீட்டர். பல கார்களில் பின் சீட்டைத் தூக்கினாலே ஃப்ளோட்டின் கனெக்டர் கைக்கு எட்டும். பழைய வகை மீட்டராக இருந்தால் அந்தக் கனெக்டரைக் கழற்றியதும் முள் ஒரு கோடிக்குப் போக வேண்டும். போனால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு டேங்குக்குள்தான்.

வாங்கும் நாளில் ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காட்டச் சொல்ல வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் வேறொரு நாள் வரலாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். துருநிறத் தண்ணீர் தெரிந்தால், கூலன்ட் ஊற்றாமல் குழாய்த் தண்ணீரில் ஓட்டியிருக்கலாம். ஆயில் மூடிக்கு அடியில் பால்காப்பி நிறத்தில் கசடு நிறைய இருந்தாலோ, ஸ்டார்ட் செய்தபின் ரேடியேட்டரில் குமிழிகள் விடாமல் வந்தாலோ, ஹெட் கேஸ்கெட்டை ஒரு மெக்கானிக் சோதிக்கும்வரை அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.