பணத்திற்கும் கணக்கு உண்டு

1969 செப்டம்பர் 27. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், காவல் நிலையக் கொட்டடி ஒன்றில் ஓர் ஆலிமின் உயிர் பிரிந்தது. அவர் இமாம் அப்துல்லாஹ் ஹாரூன். கறுப்பு மக்களை அடிமைகளாய் நடத்திய நிறவெறி ஆட்சியைத் துணிந்து கண்டித்தவர். அதனால் விசாரணையின்றி 123 நாட்கள் அடைத்து வைக்கப்பட்டவர். படியில் தவறி விழுந்து மாண்டார் என்றது அரசு. சித்திரவதையே அவரைக் கொன்றது என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்ப்புரைக்க 2023 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அடித்த கைகள் காவலர்களுடையவை. ஆனால், அவ்வாட்சியை வாழவைத்த பணம் யாருடையது? கடல் கடந்த வங்கிகளின் கடனும், அயல்நாட்டுத் தொழிலகங்களின் முதலும் அதில் கலந்திருந்தன. அவ்வங்கிகளில் சேமித்தவர்களும் பங்கு வாங்கியவர்களும், நம்மைப் போல் வீட்டில் அமைதியாய் வாழ்ந்தவர்களே!

கறுப்பர்கள் எங்கு சென்றாலும் அனுமதிப் புத்தகம் ஏந்த வேண்டும் என்பது அங்கே சட்டம். அதை எதிர்த்து 1960 மார்ச் 21இல் ஷார்ப்வில்லில் திரண்டோர் மீது காவலர்கள் சுட்டதில் 69 பேர் மாண்டதாக அரசே கணக்குக் கூறியது. அப்புத்தகங்களுக்குப் படமெடுக்கத் தங்கள் நிறுவனத்தின் கருவி உதவுகிறது என்பதை 1970இல் அமெரிக்காவின் போலராய்டு நிறுவன ஊழியர் இருவர் கண்டறிந்தனர். ஊதியம் தரும் இடமாயிற்றே என்று அவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. அவர்கள் தொடங்கிய எதிர்ப்பு வளர்ந்தது. 1977இல் அந்நிறுவனம் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது.

அதே ஆண்டில் ஹாம்ப்ஷயர் கல்லூரி, அந்நாட்டில் வாணிபம் செய்த நிறுவனங்களின் பங்குகளை விற்றது. அமெரிக்கக் கல்லூரிகளில் அதுவே முதன்மையானது. பல்கலைக்கழகங்களும் மாநகராட்சிகளும் ஓய்வூதிய நிதியங்களும் பின்தொடர்ந்தன. 1986இல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் சுமார் 300 கோடி டாலர் முதலீட்டை விலக்க முடிவெடுத்தது. 1985இல் சேஸ் மன்ஹாட்டன் வங்கி கடனைப் புதுப்பிக்க மறுத்தது; மறு ஆண்டு பார்க்ளேஸ் வங்கி தன் தென்னாப்பிரிக்கத் தொழிலை விற்றது. அதிபர் ரீகனின் மறுப்பையும் மீறி, 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் பொருளாதாரத் தடைச் சட்டம் இயற்றியது. 1990இல் நெல்சன் மண்டேலா விடுதலையானார். 1994இல் அனைவரும் வாக்களித்தனர். முதலீட்டு விலக்கம் மட்டுமே இதைச் சாதித்ததென்று கூறலாகாது. அந்நாட்டு மக்கள் சிந்திய இரத்தமே அடித்தளம். எனினும் கொடுமைக்குக் கிடைத்த பொருட்துணை தளர்ந்ததும் உண்மை.

'தொழிலகம் மூடினால் பட்டினி கிடப்பவன் கறுப்புத் தொழிலாளிதானே?' என்று அன்று பலர் வினவினர். புறந்தள்ளத்தக்க வினா அன்று. பாதிரியார் லியான் சல்லிவன், நிறுவனங்கள் அங்கேயே இருந்து சமநீதி வழங்கட்டும் என்று 1977இல் நெறிமுறை வகுத்தார். பத்தாண்டு பொறுத்துப் பார்த்த பின்னர், 1987இல் அவரே வெளியேறுமாறு அறிவித்தார். ஒடுக்கப்பட்டோரின் தலைவர்களான ஆல்பர்ட் லுதுலி, டெஸ்மண்ட் டூட்டு போன்றோரும் பொருளாதார நெருக்குதலையே வேண்டினர். துன்பத்தைச் சுமக்கப் போகிறவர்களின் சொல்லுக்கே அங்கு எடை அதிகம்.

இஸ்லாமிய வரலாற்றிலும் ஒரு படிப்பினை உண்டு. யமாமாவின் தலைவர் துமாமா (ரலி) அவர்கள், அண்ணலாரின் அனுமதியின்றி ஒரு கோதுமை மணியும் மக்காவுக்கு வராது என்று குறைஷியரிடம் சூளுரைத்தார். மக்கா பசியால் வாடியது. குறைஷியர் உறவைச் சொல்லி முறையிட்டபோது, தம்மை ஊரைவிட்டுத் துரத்திய அம்மக்களுக்கு உணவை அனுப்புமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அநியாயத்தின் கையைத் தடுக்கலாம். ஏழையின் வயிற்றில் அடிக்கலாகாது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே விவேகம்.

பாவத்திலும் பகைமையிலும் ஒருவருக்கொருவர் துணை நிற்காதீர்கள் என்ற கருத்தைத் திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் போதிக்கின்றது. பொருளை எவ்வழியில் ஈட்டினோம், எவ்வழியில் செலவிட்டோம் என்று மறுமையில் வினவப்படுவோம் என்பது நபிமொழி தரும் எச்சரிக்கை.

சகோதர சகோதரிகளே! உண்ணும் உணவு ஹலாலா என்று பேணுதலோடு பார்க்கிறோம். நம் சேமிப்பு எங்கே சென்று, யார் கையில் என்னவாக மாறுகிறது என்றும் கேட்போமாக! தூரத்தில் நடக்கும் கொடுமையைத் தடுக்க நம் கை எட்டாமல் போகலாம். நம் பணம் அங்கே எட்டியிருக்குமாயின், அதைத் திரும்பப் பெறுவது நம் கையில்தான் இருக்கிறது.