பட்டித் தூசும் பாட்டியின் இழுப்பும்!

“ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கறே... உன் வீட்டுத் தூசுக்கு மருந்து இல்லையாப்பா?” மூச்சு இழுப்புக்கு நடுவே என் அம்மா கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது.

மகள் பரீட்சைக்குப் படிக்க வசதியாக, ஹாலை ஜிப்சம் போர்டால் தடுத்து ஓர் அறை எடுத்தோம். போர்டு ஒரே நாளில் நின்றுவிட்டது. இணைப்புகளை மூட மேஸ்திரி நாலு நாள் கேட்டார். “ரெண்டே நாள்ல முடிங்க” என்று விரட்டியது நான்தான். அவரும் ஒரேயடியாகக் கனமாகப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய் தேய் என்று தேய்த்தார். வீடெல்லாம் வெள்ளைப் புகை. ஆஸ்துமாக்காரரான அம்மாவுக்கு அன்று ராத்திரியே இழுப்பு. ஆடாதோடை மணப்பாகைத் தேடிக்கொண்டிருக்கிற நேரமா அது? அவருடைய இன்ஹேலரைக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

நாலு நாள் எதற்கு?

பிறகுதான் மேஸ்திரி விளக்கினார். இரண்டு போர்டு சேருகிற இடத்தில் ஜாயின்ட் காம்பவுண்ட் என்கிற பசையைப் பூசி, அதன்மேல் காகித டேப்பை ஒட்டி, தகட்டால் அழுத்தி மிச்சத்தை வழித்தெடுக்க வேண்டும். டேப் இல்லாவிட்டால் நாளடைவில் அதே கோட்டில் விரிசல் விடும். காய்ந்தபின், முன்னதைவிட அகலமாகவும் மெல்லிசாகவும் இரண்டாவது கை. பிறகு இன்னும் அகலமாக மூன்றாவது கை. கலந்தே விற்கும் காம்பவுண்ட் என்றால் ஒவ்வொரு கையும் காய ஏறக்குறைய 24 மணி நேரமாகும். மழைக்காலத்தில் கூடுதலாகும்.

இப்படி மெல்லிசாக இழைத்தால் கடைசியில் தேய்க்க அதிகமிருக்காது. தேய்ப்பு குறைந்தால் தூசும் குறையும்!

தூசில் என்ன இருக்கிறது?

சுண்ணாம்புக்கல் பொடி, டால்க், மைக்கா இருக்கும். சில வகைகளில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்காவும் உண்டு. அமெரிக்காவில் இந்தப் பசையில் ஆஸ்பெஸ்டாஸே கலந்திருந்தார்கள். 1977-ல் தடை வந்தது. தூசை உறிஞ்சும் வேக்குவம் இணைத்துத் தேய்த்தால் 80 முதல் 97 சதவிகிதம் வரை தூசு குறைவதை அந்நாட்டின் நியோஷ் நிறுவனம் 1999-ல் சொன்னது.

நீங்கள் செய்ய வேண்டியவை

* தேய்க்கும் நாளில் குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்களை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.
* வாசற்படியில் பிளாஸ்டிக் ஷீட் தொங்கவிடுங்கள். ஏ.சி.யை நிறுத்தி மூடிவையுங்கள்.
* உலர்ந்த உப்புத்தாளுக்குப் பதில், முடிந்த இடத்திலெல்லாம் ஈர ஸ்பாஞ்சால் மட்டம் செய்யச் சொல்லுங்கள்.
* துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள்.
* கைக்குட்டை கட்டினால் போதாது. என்-95 மாஸ்க் வேண்டும். மேஸ்திரிக்கும் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

இருமல், இழுப்பு என்று வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நாடி பார்க்கும்போதே கேட்டுவிடுகிறேன்: “வீட்ல ஏதாவது வேலை நடக்குதா?” காரணம் வீட்டுக்குள்ளேயே பறந்துகொண்டிருக்கும்போது மருந்து மட்டும் என்ன செய்யும்?

அம்மா மூன்றாம் நாள் நலமாக வீடு திரும்பினார். நமக்கு இது ரெண்டு நாள் தூசு. மேஸ்திரிக்கோ தினமும் இதே தூசுதான். அவர் நாலு நாள் கேட்டால், தயவுசெய்து கொடுத்துவிடுங்கள்.