பரவைக்கடலின் அடித்தரை

கடலுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. அவற்றுள் ஆழி என்பது ஆழத்தையும் பரவை என்பது பரப்பையும் நினைப்பிப்பன. யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளர் ஆழங்குறைந்த கரையோரக் கடலைப் பரவைக்கடல் என்பர். அகராதியைப் பார்த்து இட்ட பெயரன்று அது. தோணியிலிருந்து மரக்கோலை ஊன்றி அறிந்தவர் இட்ட பெயராகும். எமது வடகடலின் வளமும் அதற்கு நேர்ந்துள்ள கேடும் ஆகிய இரண்டும் அவ்வாழக்குறைவிலிருந்தே பிறந்தன.

பாக்கு விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் 15 மீற்றருக்கு மேற்படாது. ஆதலின் ஞாயிற்றின் ஒளி பலவிடங்களில் அடித்தரை வரை சென்று சேர்கின்றது. அவ்வொளியை உண்டு வளர்வதே கடற்புல். நம்மவர் சாதாழை என அள்ளித் தோட்டங்களுக்கு எருவாக இட்டு வந்ததிற் பெரும்பகுதி இதுவே. இதனைப் பாசி என்று எண்ணுவோர் பலர். வயற்புல்லைப் போலவே வேரும் கிழங்கும் இலையும் உடையதாய், நீருக்குள்ளேயே பூத்துக் காய்க்கும் தாவரம் இது. (பூக்குந் தாவரம் யாவும் தரையில் வாழ்வன என்று விடையெழுதும் மாணவர் கவனிக்க.) இதன் வேர் சேற்றைப் பிணிக்கின்றது, இலை நீரோட்டத்தைத் தணித்து, கலங்கிய மண்ணைப் படியச் செய்கின்றது. இறாற் குஞ்சும் நண்டும் இதனுள் ஒளித்து வளர்கின்றன. ஓரா மீன் இதனை மேய்கின்றது. ஆவுளியா எனவும் வழங்கும் கடற்பசுவுக்கோ இதுவே முதன்மையான உணவு.

இனி, இழுவைமடி என்பது யாது? வாயகன்று வால் ஒடுங்கிய பெரும் பை அது. இருபுறமும் கட்டிய பாரமான பலகைகள் அதன் வாயை விரித்து வைக்க, விசைப்படகு அதனை அடித்தரையோடு இழுத்துச் செல்லும். வலையின் கீழ்விளிம்பிலுள்ள சங்கிலியும் பாரமும் தரையை உழுகின்றன. உழவன் உழுதபின் விதைக்கின்றான். இங்கோ விதைப்பார் எவருமிலர். புல் வேரோடு பெயர்கிறது. கிளம்பிய சேறு நீரைக் கலக்கி ஒளியை மறைக்க, மடி தீண்டாத புல்லும் வாடுகின்றது. இறாலை நாடிச் சென்ற மடியில் விலைபோகாச் சிறுமீன்களும் குஞ்சுகளும் அள்ளுண்டு மடிகின்றன.

இத்தொழில் 1960களில் இறால் ஏற்றுமதியின் வேகத்தால் தமிழகக் கரையிற் பெருகிற்று. 1974இல் இரு நாடுகளுக்குமிடையே கடலெல்லை வகுக்கப்பட்டது. அக்கரையின் வளங் குன்றவே படகுகள் கிழக்கு நோக்கின. போர்க்காலத்தில் எமது தொழிலாளர் கடலுக்குச் செல்லத் தடைகள் இருந்தன. 2009இன் பின்னர் அவர்கள் மீண்டபோது தம் வலைகள் அறுபடுவதையே கண்டனர். இலங்கை 2017இல் அடித்தரை இழுவைத் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. சட்டம் உண்டு, கடலில் அதனை நிலைநாட்டுவதே அரிதாயுள்ளது.

அக்கரையாரை மாத்திரம் பழித்து அமைவது நேர்மையன்று என்பது எம் கருத்து. அப்படகுகளில் உழைப்போருட் பலர் உடைமையற்ற கூலியாளரே. எம் பக்கத்திலும் இழுவைமடியும் தங்கூசி வலையும் வெடியும் இல்லாமலில்லை. தமிழக அரசு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பிடமாக அறிவித்ததையும் இங்கே சொல்லுதல் வேண்டும்.

இவற்றின் மேலும் ஒரு சுமை உண்டு. மனிதர் வெளிவிடும் கரியமிலவாயுவிற் காற்பங்களவைக் கடல் ஏற்று அமிலத்தன்மை மிகுகின்றது. புவியில் மிகுந்த வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேற்பட்டது கடலிலேயே தங்குகின்றது. 1998இல் நீர் வெதும்பியபோது இந்து சமுத்திரத்துப் பவளப்பார்கள் பல வெளிறி இறந்தன. அதனை ஒரு மாவட்டத்தார் தடுத்தல் இயலாது. மடியை நிறுத்துதல் இயலும். நிறுத்திய இடத்தில் மெல்லிய இலையுடைய புல்வகைகள் முன்னும், நீண்ட பட்டையிலையுடையவை பல்லாண்டு கழிந்தும் மீளும்.

விடுமுறையில் கரைக்குச் செல்லும் மாணவர், ஒதுங்கிக் கிடக்கும் சாதாழையைக் கையிலெடுத்துப் பார்க்கலாம். இலை மாத்திரமாயின் அது தானே உதிர்ந்தது. வேருங் கிழங்குமாய் வந்திருப்பின், புயலோ மடியோ பிடுங்கியது.