நெறி கட்டும்போது உள்ளே நடக்கும் தேடல்

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால், இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டிக்கொள்ளும். புண் பாதத்தில், வீக்கம் இடுக்கில். அந்த வீக்கத்துக்குள் நம் உயிரைக் காக்கும் ஒரு தேடல் நடக்கிறது.

முள்ளோடு நுழைந்த கிருமியின் துணுக்குகளை, தோலில் காவலிருக்கும் டென்ட்ரிடிக் செல்கள் நிணநீர் வழியாக இடுக்கிலுள்ள நிணநீர்க் கணுவுக்குச் சுமந்து வருகின்றன. இந்தத் துணுக்குதான் ஆன்டிஜென். அதை இனம்காணக்கூடிய டி செல் என்னும் வெள்ளணுவோ, லட்சத்தில் ஒன்று. சில சமயம் பத்து லட்சத்தில் ஒன்று. அந்த ஒன்று எப்படி வந்து சேருகிறது?

2002-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில், மைக்கேல் கஹலன், இயன் பார்க்கர் குழுவினர் சுண்டெலியின் நிணநீர்க் கணுவை இரு ஃபோட்டான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உயிருள்ள டி செல்கள் நிமிடத்துக்குச் சுமார் 10 மைக்ரோமீட்டர் நகர்ந்துகொண்டிருந்தன. ஏறக்குறைய தன் உடல் அளவு தூரம் அது. முன்பக்கம் அகன்று, பின்னால் வால் நீண்டு, கைப்பிடி வைத்த முகக்கண்ணாடி போன்ற உருவம். ஓடும், நிற்கும், வேறு பக்கம் திரும்பும். குறிப்பிட்ட திசை எதுவும் இல்லை.

ஆனால் அது வீண் அலைச்சல் அல்ல. கணுவுக்குள் வலைபோல் பின்னிக் கிடக்கும் செல்களைப் பற்றிக்கொண்டு, கொடிக்கயிற்றில் எறும்பு ஊர்வதுபோல டி செல்கள் போகின்றன என்பது 2006-இல் தெரியவந்தது. டென்ட்ரிடிக் செல்கள் உட்கார்ந்திருப்பதும் அதே வலையில்தான். அதனால் ஒரு டென்ட்ரிடிக் செல்லை மணிக்கு நூற்றுக்கணக்கான டி செல்கள் தொட்டுப் பார்க்கின்றன. பொருந்தாவிட்டால் சில நிமிடங்களில் விலகிவிடும். ஏறக்குறைய ஒரு நாள் தேடியும் கிடைக்காவிட்டால் நிணநீரில் இறங்கி, ரத்தத்தில் கலந்து, அடுத்த கணுவுக்குப் போகும். டி செல்களை உள்ளடக்கிய லிம்ஃபோசைட்டுகளின் இந்தச் சுற்றுப் பயணத்தை, ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கவன்ஸ் 1959-இலேயே எலிகளில் காட்டியிருந்தார்.

பொருந்திவிட்டால் ஓட்டம் நிற்கும். மணிக்கணக்கில் ஒட்டியிருந்து, பிறகு பிரிந்து பிரிந்து அந்த ஒரு செல் ஆயிரக்கணக்காகப் பெருகும். இதற்கிடையே கணுவுக்குள் வரும் ரத்தம் கூடுகிறது. வெளியேறும் வாசல் சில காலம் அடைபடுகிறது. வந்த செல்கள் தங்க, கணு புடைக்கிறது. நாம் தடவிப் பார்க்கும் நெறி அதுதான்.

ஆகவே நெறி கட்டினால் அதை அழுத்தித் தேய்க்காதீர்கள், புண்ணைக் கவனியுங்கள். புண் ஆறினால் நெறியும் பெரும்பாலும் தானே கரையும். இரண்டு வாரம் தாண்டியும் வீக்கம் வடியாவிட்டாலோ, வலியில்லாமல் கெட்டிப்பட்டு வளர்ந்தாலோ, தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.