நோய்க் கன்றும் முதல் அரியரும்

பண்ணைக்காட்டிலிருந்து காலை பஸ்ஸில் கீழே இறங்கும் கல்லூரிப் பிள்ளைகளை இப்போதும் பார்க்கிறேன். மடியில் ஒரு பை, காலடியில் ஒரு சாக்கு. பையில் நோட்டுப் புத்தகங்கள். சாக்கில் ஹாஸ்டல் நண்பர்களுக்கு மலைவாழைப் பழம், பருவமாக இருந்தால் கொஞ்சம் பட்டர் ஃபுரூட். ஊத்து தாண்டி வளைவுகளில் பஸ் இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள். வத்தலக்குண்டு வரும்போது வேர்த்துக் கொட்டும்.

முப்பது வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் இறங்கினேன். முதல் செமஸ்டர் லீவுக்கு மலை ஏறும்போது, வீட்டில் சொல்லாத ஒரு சேதி என்னோடு ஏறியது. இரண்டு பேப்பரில் அரியர்.

அம்மா கேட்டார். "எல்லாம் பாஸ்" என்றேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவனுக்கு வகுப்பில் நடத்திய ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. புரியாத மீதியை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் மலைக்காட்டுப் பையன் என்று சிரிப்பார்களோ என்ற பயம். அடுத்த செமஸ்டரில் இரண்டு அரியர் நான்கானது. பிறகு வகுப்புக்குப் போவதே குறைந்தது. பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய், அதைக் காப்பாற்ற லீவுக்கு ஊருக்கே வராமல் இருப்பது என்று அது வளர்ந்துகொண்டே போனது.

கடைசியில் அப்பாவே ஹாஸ்டலுக்கு வந்து நின்றார். திட்டவில்லை. வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, தன் கதையைச் சொன்னார். அது வாழையின் கதை.

"ஒரு தார் வரட்டும்"

கீழ்ப்பழனி மலையின் பெருமை விருப்பாட்சி வாழை. தண்ணீர் கட்டாமல், மழையை நம்பி, காப்பிச் செடிகளுக்கு நடுவே வளர்வது. பழம் சின்னது. ஈரப்பதம் குறைவு, இனிப்பு அதிகம். பல நாள் வைத்திருந்தாலும் அழுகாமல் தோல்தான் சுருங்கும். பழனி பஞ்சாமிர்தத்துக்கு இந்தப் பழத்தைத் தேடியது அதனால்தான். பாதை இல்லாத தோட்டங்களிலிருந்து குதிரை முதுகில் தார்கள் இறங்கிய காலம் அது.

எழுபதுகளில் இங்கே முடிக்கொத்து நோய் பரவியது. இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் ஒரு கொத்தாக நின்றுவிடும். இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் தெரியும். அந்த மரம் தார் போடாது. போட்டாலும் தேறாது. இது வைரஸ் நோய். மருந்து கிடையாது. ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது அசுவினி என்ற சிறு பூச்சி. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கும், ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கும் கொண்டுபோனது மனிதர்கள். பக்கக்கன்று பெயர்த்துக் கொடுப்பது மலையில் உறவுமுறை மாதிரி. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லமாட்டார்கள். அந்தக் கன்றுக்குள்தான் நோய் இருந்தது.

அப்பா தன் தோட்டத்தில் முதல் நோய் மரத்தைப் பார்த்தபோது யாரிடமும் சொல்லவில்லை. "ஒரு தார் வரட்டும்னு விட்டு வச்சேன். தார் வரல. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கன்னு கேட்டாரு. சீக்கு இருக்குன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. குடுத்துட்டேன்" என்றார். மறுவருடம் அவர் தோட்டமும் போனது. "மரம் போனதுல எனக்கு வருத்தமில்லடா. அவர்கிட்டச் சொல்லாமக் குடுத்தேன் பாரு, அதுதான் இன்னும் அறுக்குது."

எழுபதுகளில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, பிறகு 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. நோய் பெரியதுதான். ஆனால் அது பரவிய வேகத்தில் "ஒரு தார் வரட்டும்" என்ற நப்பாசைக்கும் வெட்கத்துக்கும் பங்கு உண்டு. என் அரியர் பெருகியதும் அதே வழியில்தான்.

முதலில் பூச்சி, பிறகு மரம்

நோய் கண்ட மரத்தை அப்படியே வெட்டித் தள்ளக் கூடாது. வெட்டினால் அதிலிருக்கும் அசுவினிகள் கலைந்து பக்கத்து மரத்துக்குப் போகும். முதலில் பூச்சியைக் கொல்ல வேண்டும். அதன் பிறகுதான் மரத்தைக் கிழங்கோடு தோண்டி எடுத்து அழிக்க வேண்டும். கிழங்கில் கொஞ்சம் மிஞ்சினாலும் அது மறுபடி துளிர்க்கும், நோயும் துளிர்க்கும்.

படிப்பில் சறுக்கியவர்கள் பலர் நேரே மரத்தை வெட்டப் பார்க்கிறார்கள். "காலேஜையே விட்டுடறேன்" என்கிறார்கள். பூச்சி அப்படியே இருக்கும். என் விஷயத்தில் பூச்சி, கேட்க வெட்கப்பட்டது. அது உள்ளவரை எந்தக் கல்லூரிக்குப் போயிருந்தாலும் அரியர்தான். அப்பா வந்து போன மறுநாள் ஒரு பேராசிரியரின் அறைக்குப் போய், "சார், எனக்கு இங்கிலீஷ் புரியலை" என்றேன். அதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சொல்லத் துணிய எனக்கு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

மறுநடவு

மலைவாழை முற்றிலும் அழியாமல் போனதற்குக் காரணம் கண்ணீர் அல்ல, சோதனை. நல்ல தாய் மரங்களைத் தேடி, வைரஸ் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பரிசோதித்து, சுத்தமானவற்றிலிருந்து திசு வளர்ப்பு முறையில் கன்றுகளை உருவாக்கினார்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் இதில் முன்னின்றது. இன்று விருப்பாட்சிக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு உண்டு. தன் தோட்டத்துக் கன்றுதான் என்பதற்காக அது நல்ல கன்று ஆகிவிடாது என்பதை மலை மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. வீட்டிலிருந்தும் ஊரிலிருந்தும் நாம் எடுத்துப் போகும் பழக்கங்களும் அப்படித்தான். உழைப்பு நல்ல கன்று. "வெளியில் தெரிந்தால் கேவலம்" என்பது நோய்க் கன்று.

படிப்பில் மறுநடவுக்கு வயது தடையா? சிறுமலை அடிவாரத்தில், சின்னாளபட்டி அருகே இருக்கும் காந்திகிராமத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். அதை 1947இல் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து தொடங்கியவர் டாக்டர் டி.எஸ். சௌந்தரம். டி.வி.எஸ். குடும்பத்து மகள். சிறு வயதில் திருமணமாகி, இருபது வயதை ஒட்டிக் கணவரை இழந்தவர். கைம்பெண் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஊர் நினைத்த காலத்தில், டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1936இல் மருத்துவராக வெளியே வந்தபோது வயது 32. பிறகு சட்டமன்ற உறுப்பினர், திண்டுக்கல் எம்.பி., மத்திய கல்வித் துறை துணை அமைச்சர். அவர் தொடங்கிய இடத்தில் வளர்ந்த கல்வி நிறுவனம் இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். எங்கள் மலைப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். இருபத்தொரு வயதில் "என் வாழ்க்கை முடிந்தது" என்று சொல்லும் மாணவருக்கு அந்த வளாகத்தைவிட நல்ல பதில் நான் பார்த்ததில்லை.

காப்பி காய்க்கும் வரை

எங்கள் பக்கத் தோட்டத்தில் ஒரே பயிரைப் பார்க்க முடியாது. காப்பி, அதற்கு நிழல் தரும் மரம், மரத்தில் ஏறும் மிளகு, இடையில் வாழை. அராபிகா காப்பி நட்டு மூன்று, நான்கு வருடம் கழித்தே காய்ப்புக்கு வரும். சரியாக ஒரு டிகிரியின் காலம். அதுவரை வீட்டுச் செலவைத் தாங்குவது வாழைத்தார்.

மாணவருக்கும் இரண்டும் வேண்டும். டிகிரி காப்பி. வாழை என்பது இடையில் கைகொடுக்கும் சின்னத் திறமை: தட்டச்சு, கணக்கு எழுதுவது, பிழையில்லாமல் ஒரு கடிதம் எழுதுவது, வண்டி ஓட்டுவது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். திறன் பயிற்சிக்கு அரசின் 'நான் முதல்வன்' திட்டம் இருக்கிறது. தோட்டத்துக்காரர் வாழைத்தாரைக் காப்பிக்கு அவமானமாக நினைப்பதில்லை. நீங்களும் பகுதிநேர வேலையை அப்படி நினைக்க வேண்டாம்.

பட்டர் ஃபுரூட்டையும் மறக்க வேண்டாம். என் சிறுவயதில் அது காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நின்ற மரம். பழம் கீழே விழுந்து கிடக்கும், பன்றி தின்னும். இன்று நகரத்துக் கடைகளில் அதன் விலையைப் பார்த்தால் எங்கள் பாட்டி நம்பியிருக்க மாட்டார். தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அதற்கென்றே ஒரு ரகம் வெளிவந்திருக்கிறது. உங்களிடமும் அப்படி ஒன்று மதிப்புத் தெரியாமல் கிடக்கலாம்.

நான் டிகிரியை ஒரு வருடம் தாமதமாக முடித்தேன். அப்பா அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் உண்மையைச் சொன்னதும் அதே வருடம்தான். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும்ப்பா, நீயா வந்து சொல்லட்டும்னுதான் இருந்தேன்" என்றாராம்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவருக்கு ஒன்றே ஒன்று. வீட்டுக்குச் சொல்லாத அரியர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிவிடுங்கள். வீட்டில் சொல்ல முடியாத அளவு மனம் கனத்தால் 14416க்கு அழையுங்கள். அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், எந்த நேரமும் பேசலாம். பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். எத்தனை பேப்பர், பரீட்சைக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். வேப்பமரத்தடியில் என் அப்பா கேட்டது அந்த இரண்டு கேள்விகள்தான்.